பச்சை எதைச் சொல்கிறது? நெட்வொர்க் கருவிகளின் நலம் காட்டும் திரைகள் குறித்து

ஓரளவு பெரிய கல்லூரியோ மருத்துவமனையோ, சர்வர் அறையை ஒட்டிய சுவரில் இன்று ஒரு திரை மாட்டியிருக்கிறது. சுவிட்ச், ரூட்டர், ஃபயர்வால், ஆக்சஸ் பாயிண்ட் எனக் கட்டடம் வாரியாகப் பெயர்கள்; பெயருக்கு ஒரு கட்டம்; கட்டத்துக்குப் பச்சை அல்லது சிவப்பு. மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, பழைய டிவி ஒன்று போதும். அந்தப் பச்சைக்கு என்ன பொருள் என்று அதை நிறுவியவரிடம் கேட்டால் பல இடங்களில் வரும் பதில்: 'பிங் போகிறது.' விடுதியில் வைஃபை கிடைக்கவில்லை, ஸ்கேன் படம் திறக்க இரண்டு நிமிடம் ஆகிறது, திரையோ முழுக்கப் பச்சை. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது, கருவியிடம் எதைக் கேட்டால், எப்படிச் சேமித்தால், எப்படிக் காட்டினால் அது குறையும் என்பதே இங்கே கேள்வி. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்டின் நேர்மையில் பாதி, தெரிந்ததைக் காட்டுவது. மீதிப் பாதி, தெரியாததைத் தெரியவில்லை என்று காட்டுவது. நம் திரைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டாம் பாதி.

பிங் நிரலை 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் மைக் மூஸ் எழுதினார். ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி, எதிரொலி திரும்புகிறதா, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்ப்பதுதான் வேலை. பதில் வந்தால் அந்த முகவரி உயிரோடு இருக்கிறது, போகும் வழியும் வரும் வழியும் திறந்திருக்கின்றன. அதற்கு மேல் எதுவும் தெரியாது. 48 போர்ட் சுவிட்ச்சின் நிர்வாக முகவரி பதில் சொல்வதை வைத்து அந்த 48 போர்ட்டில் ஒன்றைப் பற்றியும் முடிவுக்கு வர முடியாது. மறுபுறம், பெரிய ரூட்டர்கள் தங்களுக்கே வரும் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருப்பவை. அவற்றின் வழியே போக்குவரத்து சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே பிங் பதில் மட்டும் தாமதிக்கும். ஆக, பிங்கின் நல்ல செய்தியும் முழுமையில்லை, கெட்ட செய்தியும் முழுமையில்லை.

கருவியின் உள்ளே எட்டிப்பார்க்க வழி செய்தது எஸ்.என்.எம்.பி. 1988இல் வெளியான இந்த நெறிமுறையை, பெரிய சர்வதேசத் தரம் ஒன்று வந்து சேரும்வரைக்குமான தற்காலிக ஏற்பாடாகத்தான் அப்போது ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் தரம் இணைய உலகில் வேரூன்றவே இல்லை. தற்காலிக ஏற்பாடு முப்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டி இன்றும் ஓடுகிறது. ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பைட் வந்தது, எத்தனை போனது, எத்தனை பாக்கெட் பழுதாகி வந்தது, விசிறி சுற்றுகிறதா, வெப்பம் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் கருவிக்குள் ஓர் எண் முகவரி இருக்கிறது. கண்காணிப்பு சர்வர் யுடிபி 161 வழியே கேட்கும், கருவி பதில் சொல்லும். அவசரமென்றால் கருவியே முந்திக்கொண்டு 162க்கு 'டிராப்' அனுப்பும். டிராப் போய்ச் சேர்ந்ததா என்று கருவி பார்ப்பதில்லை. அறுந்த லிங்க்கைப் பற்றிய டிராப் அந்த லிங்க் வழியாகத்தான் போயாக வேண்டுமென்றால் அது வந்து சேரப்போவதும் இல்லை. எனவே முறை வைத்துக் கேட்பதுதான் அடித்தளம். டிராப் கூடுதல் வேகத்துக்கு மட்டும்.

கேட்டு வாங்கும் எண்களில் சில பொறிகள் உண்டு. பைட் கணக்கு என்பது ஏறிக்கொண்டே போகும் எண். வண்டியின் கிலோமீட்டர் மீட்டரைப் போல, இலக்கங்கள் தீர்ந்ததும் மீண்டும் பூஜ்யத்துக்கு வரும். பழைய கணக்கு 32 பிட். முழு வேகத்தில் ஓடும் 100 மெகாபிட் லிங்க்கில் அது ஆறு நிமிடத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும். 1 கிகாபிட் லிங்க்கில் 34 நொடியே போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவருக்கு இடையில் எத்தனை சுற்று போனது என்று தெரிய வழியில்லை. நெரிசல் மிகுந்த நேரத்தில்தான் கிராஃப் பொய்யாகத் தாழ்ந்து காட்டும். 64 பிட் கணக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இருந்தும் பழைய டெம்ப்ளேட்டை அப்படியே ஏற்றிய திரைகள் 32 பிட்டையே கேட்டுக்கொண்டிருக்கின்றன. புதிதாக நிறுவுபவர் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

கருவி இயங்கத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்னும் கணக்கும் அப்படித்தான். நொடியின் நூறில் ஒரு பங்காக எண்ணும் 32 பிட் எண் அது; 497 நாளில் சுற்றிவிடும். எண் திடீரென்று குறைந்தால் கருவி மறுபடி தொடங்கியது என்று அலர்ட் போகும்படி வைத்திருக்கும் இடங்களில், ஓராண்டுக்கு மேலாக அசையாமல் ஓடிய நல்ல சுவிட்ச் ஒருநாள் 'ரீபூட்' ஆனதாகச் செய்தி வரும். அதற்காக இந்த அலர்ட்டைத் தூக்கிவிடக் கூடாது. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏடி&டி நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலை ஒன்பது மணிநேரம் தடுமாறியது. நியூ ஜெர்சியின் பெட்மின்ஸ்டரில் இருந்த கட்டுப்பாட்டு மையச் சுவரெங்கும் சிவப்பு எச்சரிக்கைகள் பரவின. நாடு முழுக்க இருந்த 114 சுவிட்ச்சுகளில் எதுவும் நிரந்தரமாகச் செத்துப்போகவில்லை. ஒரு சுவிட்ச் சில நொடிகள் விழுந்து எழும். எழுந்த செய்தியை அண்டைக்குச் சொல்லும். மென்பொருளில் இருந்த ஒரே ஒரு பிழையால், அச்செய்தியைக் கேட்ட அண்டை விழும். இதே சங்கிலி நாடு முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடியது. இப்படிப்பட்ட நோயில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறாயா' என்று கேட்பவருக்கு ஒவ்வொரு கருவியும் பெரும்பாலும் 'இருக்கிறேன்' என்றே பதில் சொல்லும். அதனால், இப்போது உயிரோடிருக்கிறதா என்பதோடு, சென்ற முறை கேட்டதற்கும் இப்போதைக்கும் நடுவில் விழுந்து எழுந்ததா என்பதையும் திரை காட்ட வேண்டும். 497 நாள் சுற்றைக் கழித்துவிட்டு இதைக் கணக்கிடுவது சில வரி வேலை.

அடுத்த பொறி சராசரி. கிராஃப்களின் வரலாறு 1994இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. வளாகம் முழுமைக்கும் இருந்த ஒரே ஒரு 64 கிலோபிட் இணைய இணைப்பு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எல்லாரும் பார்க்கட்டும் என்று டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதியதுதான் எம்.ஆர்.டி.ஜி. அதிலிருந்து 1999இல் ஆர்.ஆர்.டி.டூல் பிறந்தது. சேமிக்கும் கோப்பு ஒருபோதும் வளராது என்பது அதன் அழகு. புதிய எண்கள் ஐந்து நிமிடச் சராசரியாக நிற்கும். பழசாகப் பழசாக அரைமணி, இரண்டு மணி, ஒரு நாள் சராசரியாகச் சுருங்கும். டிஸ்க் விலை மிகுந்திருந்த காலத்துக்கு மிகச் சிறந்த தீர்வு. ஆனால் 1 கிகாபிட் அப்லிங்க் முப்பது நொடி முழுக்க நிரம்பி வழிந்து, மீதி நேரம் சும்மா இருந்தால் ஐந்து நிமிடக் கிராஃபில் அது 10 சதவீதம். அந்த முப்பது நொடியில் வீடியோ வகுப்பு உறைந்து நின்றது என்று ஆசிரியர் புகார் சொன்னால், கிராஃபைக் காட்டி 'நெட்வொர்க்கில் ஒன்றுமில்லை' என்று பதில் சொல்லியனுப்பும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பதில் தவறு. ஓர் ஆண்டுக் கிராஃபில் அந்த நாளின் உச்சம் முழுதாகவே மறைந்துவிட்டிருக்கும். இதற்கு மருந்து சராசரியோடு உச்சத்தையும் சேர்த்துச் சேமிப்பது. முக்கிய அப்லிங்க்குகளை முப்பது நொடிக்கு ஒருமுறை கேட்பதும், போர்ட்டின் 'டிஸ்கார்ட்' கணக்கைப் பார்ப்பதும் உதவும். வரிசை நிரம்பிக் கீழே போடப்பட்ட பாக்கெட்டை எந்தச் சராசரியும் மறைக்காது.

எதையெல்லாம் கேட்பது? சிபியூ, நினைவகம் இரண்டையும் முதலில் போட்டுப் பெரிய வட்ட முள் மீட்டரில் காட்டுவது பொது வழக்கம். சுவிட்ச்சைப் பொறுத்தவரை இதில் பெரிய பயனில்லை. பாக்கெட்டுகளை மாற்றிவிடுவது தனிச் சில்லுகளின் வேலை. சிபியூ 20 சதவீதமா 40 சதவீதமா என்பது பயனருக்குத் தெரியப்போவதில்லை. என் வரிசையில் முதலில் வருவது போர்ட் பிழைகள். பாக்கெட் பழுதாகி வந்ததைக் காட்டும் சி.ஆர்.சி. பிழை ஏறிக்கொண்டே போனால் கேபிளோ கனெக்டரோ கெட்டிருக்கிறது, அல்லது இரு முனைகளும் வேறு வேறு டூப்ளெக்ஸில் இருக்கின்றன. லிங்க் மேலேதான் இருக்கும், பச்சையாகத்தான் இருக்கும், வேகம் மட்டும் செத்திருக்கும்.

அடுத்தது ஃபைபர் ஒளி அளவு. இன்றைய ஆப்டிக்கல் மாட்யூல்கள் தாம் பெறும் ஒளியின் வலிமையை டிபிஎம் அளவில் தாமே சொல்கின்றன. பத்து கிலோமீட்டர் வகை 10 கிகாபிட் மாட்யூல் ஒன்று மைனஸ் 14.4 டிபிஎம் வரை தாங்கும் என்பது தரம். மாட்யூலின் அளவீட்டிலேயே 3 டிபி வரை பிழை இருக்கலாம். 3 டிபி என்றால் ஒளியில் பாதி. ஆகவே தரவரம்பை ஒட்டிச் சிவப்புக் கோடு போட்டுக் காத்திருப்பதைவிட, அந்த லிங்க் நிறுவிய வாரத்தில் என்ன அளவு காட்டியதோ அதைக் குறித்துவைத்து, அதிலிருந்து 2 டிபி இறங்கினால் சொல் என்பது மேல். மழைக்குப் பின் இணைப்புப் பெட்டியில் நீர் இறங்கியதும், பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை மடக்கிப் புதைத்ததும், அறுந்துபோவதற்குப் பல நாள் முன்பே இந்தக் கோட்டில் தெரியும். இவ்வளவு முன்னதாக, இவ்வளவு தெளிவாக எச்சரிக்கும் எண் நெட்வொர்க்கில் வேறில்லை. அதைப் பெரும்பாலான திரைகளில் காணோம்.

நம் ஊருக்கு உரியவை மின்சாரமும் வெப்பமும். ஏசி இல்லாத மாடிப்படி அறையிலும் கூரையடிப் பெட்டியிலும் சுவிட்ச்சை வைக்கிறோம். பல ஆக்சஸ் சுவிட்ச்சுகளின் வெப்ப வரம்பு 45 பாகை. சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அதைத் தொடுவது கடினமல்ல. யுபிஎஸ்ஸிலும் எஸ்.என்.எம்.பி. அட்டை போட்டால் எத்தனை நிமிடம் தாங்கும், பேட்டரி எந்த நிலையில் என்று கேட்கலாம். 1994 முதல் அதற்குப் பொதுவான தரமே இருக்கிறது. பேட்டரி செத்துவிட்டது என்பது மின்தடை வந்த பிறகுதான் தெரியவேண்டும் என்று கட்டாயமில்லை. நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் பிஓஇ முறையின் கணக்கும் அவசியம். 24 போர்ட் சுவிட்ச்சுகள் பலவற்றில் மின்கொடை 370 வாட்; 15.4 வாட் வீதம் 24 போர்ட்டுக்கும் அது சரியாக வரும். 30 வாட் கேட்கும் புது ஆக்சஸ் பாயிண்ட்டுகளை மாட்டினால் பன்னிரண்டோடு தீர்ந்துபோகும். பதின்மூன்றாவதை மாட்டியவர், கருவிதான் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி அனுப்புவார்.

எதைக் கேட்பது என்பதோடு, காட்டும் விளக்கு உண்மையில் எதைக் குறிக்கிறது என்பதும் முக்கியம். 1979 மார்ச்சில் அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் ஒரு நிவாரண வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. எனவே வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் கொண்டார்கள். அந்த விளக்கோ, மூடச் சொல்லி மின் கட்டளை போய்விட்டது என்பதைத்தான் காட்டியது; வால்வு உண்மையில் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. இரண்டு மணிநேரத்துக்கு மேல் குளிர்நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் கருவியிலும் இதே இரட்டை உண்டு. போர்ட்டுக்கு 'அட்மின்' நிலை ஒன்று, 'ஆப்பரேஷனல்' நிலை ஒன்று. முதலாவது நாம் இட்ட கட்டளை, இரண்டாவது நடப்பு. இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டாத திரை, நாம் சொன்னதையே நமக்குத் திருப்பிச் சொல்கிறது. இரண்டு கேபிள்களைக் கட்டி ஒரே லிங்க்காக வைத்திருக்கும் இடத்தில் ஒன்று அறுந்தாலும் கூட்டு லிங்க் மேலேயே நிற்கும், பச்சையும் மாறாது. மாற்று வழி இல்லாமல் ஒற்றைக் கேபிளில் தொங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது மற்றதும் அறும் அன்றுதான் தெரியவரும். உதிரி வழி போய்விட்டது என்பதற்கு மஞ்சள் கட்டாயம் வேண்டும்.

அதைவிட முக்கியமானது சாம்பல். கேட்டோம், பதில் வரவில்லை. கருவி செத்திருக்கலாம், வழி அறுந்திருக்கலாம், கடவுச்சொல்லை யாரோ மாற்றியிருக்கலாம், கேட்கும் நிரலே நின்றிருக்கலாம். இதற்குச் சிவப்பும் பொய், பழைய பச்சையை அப்படியே வைத்திருப்பது அதைவிடப் பெரிய பொய். பல மென்பொருள்களில், கடைசியாக வந்த எண்ணையே புதிது வரும்வரை காட்டிக்கொண்டிருப்பது இயல்பமைப்பு. சேகரிக்கும் நிரல் நள்ளிரவில் நின்றுபோனாலும் காலையில் திரை அழகாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் இந்தத் தகவல் எத்தனை நொடி பழையது என்று சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். வரம்பு தாண்டினால் கட்டம் தானே சாம்பலாக வேண்டும். திரையின் மூலையில் ஓடும் கடிகாரம் ஒன்றும் வேண்டும். உலாவி உறைந்துவிட்டதா என்பதை அது காட்டிக்கொடுக்கும். கருவிகளின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். இந்தியாவில் இது விருப்பம் சார்ந்ததல்ல: 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, தேசியத் தகவலியல் மையம் (என்.ஐ.சி.) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்திசையவும் பதிவுகளை 180 நாள் காக்கவும் சொல்கிறது. நேரம் ஒத்துப்போகாத இரண்டு சுவிட்ச்சுகளின் பதிவை வைத்து எது முதலில் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கண்காணிப்பு எங்கே நிற்கிறது என்பது அடுத்த கேள்வி. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு வலை ஒரு பராமரிப்புக் கட்டளையால் அறுந்தது. தரவு மையங்களை எட்ட முடியாத டி.என்.எஸ். சர்வர்கள், தாமே நலமாக இல்லை என்று முடிவுகட்டி, இணையத்தில் தம் வழிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. உள்ளே நிலைமையைப் பார்க்கும் கருவிகளும் அதே வலையைச் சார்ந்திருந்ததால் பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியிருந்தது; சீராக ஆறு மணிநேரத்துக்கு மேலாயிற்று. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் நிறுவனத்துக்கும் இதே கதி. நிர்வாக வலை மைய ஐபி வலையின் மேலேயே ஓடியது. மையம் விழுந்ததும் கருவிகளை எட்டும் வழியும் போனது, பணியாளர்கள் தமக்குள் பேசிக்கொள்வதே சிரமமாயிற்று. சிறிய வளாகத்துக்கு இதிலிருந்து கிடைப்பது எளிய ஏற்பாடு: கண்காணிப்பு சர்வருக்குத் தனி யுபிஎஸ், அலர்ட் அனுப்ப ஒரு சிம் மோடம், வளாகத்துக்கு வெளியே வாடகைக்கு எடுத்த சிறு சர்வர் ஒன்று. வெளியே இருப்பது செய்ய வேண்டியது ஒரே வேலை. உள்ளே இருப்பது நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்கிறதா என்று பார்ப்பது, சொல்லாவிட்டால் அழைப்பது. மின்னஞ்சல் சர்வர் விழுந்ததை மின்னஞ்சல் மூலம் தெரிவிக்க வைத்திருக்கும் அமைப்புகள் இன்னும் இருக்கின்றன.

கருவிகள் எல்லாம் நலமாக இருந்தும் பயனருக்கு வேலை நடக்காத நிலையும் உண்டு. விடுதிக்கு 254 முகவரி கொண்ட ஒரு தொகுப்பு ஒதுக்கியிருக்கிறோம். ஒவ்வொரு மாணவரிடமும் போன், லேப்டாப். சில போன்கள் தம் வன்பொருள் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டி, முகவரியைக் கூடுதலாக விழுங்கும். தொகுப்பு தீர்ந்த மாலையில் சுவிட்ச்சும் ஆக்சஸ் பாயிண்ட்டும் ரூட்டரும் பச்சை. புதிதாக யாராலும் நுழைய முடியாது. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. தொகுப்பில் எத்தனை மீதி என்பது எந்தக் கருவியின் சிபியூவையும்விடத் திரையில் இருக்கத் தகுந்த எண். இன்னும் நல்ல வழி, ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு ராஸ்பெர்ரி பை கணினியைப் பயனரைப் போல நடிக்கவிடுவது: வைஃபையில் சேர், முகவரி வாங்கு, பெயரைத் தேடு, கல்லூரியின் தளத்தைத் திற, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிநொடி என்று சொல். கூகுளின் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட நம்பகப் பொறியியல் நூல், தாமதம், போக்குவரத்து, பிழை, நிரம்பல் ஆகிய நான்கையும் முதலில் பார் என்கிறது. அலர்ட்டுகளை முடிந்தவரை பயனர் உணரும் அறிகுறிகள் மேல் வை என்றும் சொல்கிறது. அந்நூல் பேசுவது பெரிய சேவைகளைப் பற்றி. வளாக நெட்வொர்க்குக்கும் அது அப்படியே பொருந்தும் என்பது என் அனுபவத்தில் உறுதியான கருத்து.

இப்போது திரைக்கு வருவோம். 1984இல் கிளீவ்லாண்ட், மக்கில் என்னும் இரு புள்ளியியலாளர்கள், மனிதக் கண் எதைச் சரியாக அளக்கிறது என்று சோதித்தார்கள். ஒரே அளவுகோலில் இருக்கும் இடத்தை மிகச் சரியாகவும், நீளத்தை அடுத்ததாகவும், கோணத்தையும் பரப்பையும் அதைவிட மோசமாகவும் கணிக்கிறோம் என்பது முடிவு. முள் மீட்டர் கோணத்தில் பேசுகிறது, சுவரில் பாதியை அடைக்கிறது, நேற்று எப்படி இருந்தது என்பதைச் சொல்வதும் இல்லை. அதே இடத்தில் பத்து அப்லிங்க்குகளைக் கிடைக்கோட்டுப் பட்டைகளாக அடுக்கி, பக்கத்தில் கடந்த 24 மணிநேரத்தின் சிறு கோடு வரைந்தால் ஒரே பார்வையில் எது வழக்கத்துக்கு மாறு என்று தெரியும். நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு பச்சை பிரித்தறிவதில் குறையுண்டு. நம் ஆண்களிலும் கணிசமானவர்களுக்கு உண்டு. நிறத்தோடு வடிவமும் மாறட்டும்: சரியென்றால் வெறுங்கட்டம், பழுதென்றால் பெயரும் நேரமும் எழுதிய பெரிய பட்டை. நலமாக இருக்கும் இருநூறு கருவிகளின் பெயர் சுவருக்குத் தேவையில்லை. '212இல் 209 நலம்' என்ற ஒரு வரியும், நலமில்லாத மூன்றின் பெயரும் அறையின் மறுகோடியிலிருந்து படிக்கும் அளவில் இருந்தால் போதும். காரணம் தேடும் விரிவான கிராஃப்கள் மேசைத் திரைக்கு உரியவை. இரண்டையும் ஒரே பக்கத்தில் திணிப்பதுதான் நான் அதிகம் காணும் கோளாறு.

அலர்ட்டுகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வேண்டும். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய பதினோரு நிமிடங்களில், இரண்டு பணியாளர்கள் முன் 275 அலாரங்கள் ஒலித்தன. அந்த விபத்துக்குப் பின் ஆலைகளுக்கு வகுத்த பிரிட்டிஷ் வழிகாட்டி, இயல்பான நேரத்தில் அலாரம் பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்கு மிகாமல் இருக்கட்டும் என்கிறது. மைய சுவிட்ச் ஒன்று விழுந்தால் அதன் பின்னால் இருக்கும் அறுபது ஆக்சஸ் பாயிண்ட்டுக்கும் தனித்தனி எஸ்.எம்.எஸ். அனுப்பும் அமைப்பு அந்த ஆலையின் வழியில்தான் போகிறது. எது எதன் பின்னால் என்னும் உறவை மென்பொருளில் ஒருமுறை எழுதிவைத்தால் அறுபதும் ஒன்றாகும். மேலும் கீழுமாக ஆடும் லிங்க்குக்கு 'மூன்று முறை தொடர்ந்து பதில் இல்லை' என்ற நிபந்தனை வேண்டும். இரவில் ஒருவரை எழுப்பும் ஒவ்வொரு அலர்ட்டுக்கும், எழுந்து அவர் செய்ய வேண்டியது என்ன என்பது எழுத்தில் இருக்க வேண்டும். செய்ய ஒன்றும் இல்லையென்றால் அது காலை அறிக்கைக்குப் போகட்டும்.

மென்பொருள் தேர்வைச் சுருக்கமாகவே சொல்லலாம். லாட்வியாவில் பிறந்து 2001இல் வெளிவந்த ஸாபிக்ஸ், 2013இல் ஆப்சர்வியத்திலிருந்து கிளைத்த லிப்ரேஎன்எம்எஸ், நெட்செயின்ட் என்ற பெயரில் 1999இல் தொடங்கிய நாகியோஸும் அதன் கிளையான ஐசிங்காவும், 2012இல் சவுண்ட்கிளவுடில் தொடங்கிய புரோமிதியஸ், ஸ்வீடனின் டோர்கெல் ஓடகார்ட் 2014இல் வெளியிட்ட கிராஃபானா எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை. நூறு இருநூறு கருவிகள், இரண்டு பேர் கொண்ட குழு என்றால் லிப்ரேஎன்எம்எஸ்தான் என் பரிந்துரை. கருவிகளைத் தானே கண்டுபிடிக்கும், ஒளி அளவையும் வெப்பத்தையும் கேட்காமலே சேகரிக்கும். சர்வர்களையும் செயலிகளையும் சேர்த்துக் கண்காணிக்க வேண்டுமென்றால் ஸாபிக்ஸ். புரோமிதியஸும் கிராஃபானாவும் அழகும் ஆற்றலும் கொண்டவை. நிரல் எழுதத் தெரிந்து, தொடர்ந்து பேண ஆள் இருக்கும் இடத்துக்கு உரியவை. கேட்டுக் கேட்டு வாங்காமல் கருவியே நொடிக்கு நொடி அனுப்பும் ஸ்ட்ரீமிங் டெலிமெட்ரி முறை தரவு மையங்களில் பரவியிருக்கிறது. நம் வளாகங்களின் பழைய சுவிட்ச்சுகளுக்கு அது எட்டும்வரை எஸ்.என்.எம்.பி.தான் சோறு போடும்.

பாதுகாப்பைத் தவிர்த்து இந்தப் பேச்சை முடிக்க முடியாது. எஸ்.என்.எம்.பி.யின் முதல் இரண்டு பதிப்புகளில் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே வலையில் போகும். அது பல இடங்களில் 'பப்ளிக்' என்ற தொழிற்சாலைச் சொல்லாகவே கிடக்கும். 2023 ஏப்ரலில் பிரிட்டிஷ், அமெரிக்க அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட எச்சரிக்கை, ரஷ்ய உளவுப் பிரிவோடு தொடர்புடைய குழு பலவீனமான இத்தகைய சொற்களையும் பயன்படுத்தி சிஸ்கோ ரூட்டர்களுக்குள் புகுந்ததை விவரித்தது. மறையாக்கம் கொண்ட மூன்றாம் பதிப்பு 2002இலேயே தரமாகிவிட்டது. படிக்க மட்டும் உரிமை, கண்காணிப்பு சர்வரின் முகவரிக்கு மட்டும் அனுமதி, தனி நிர்வாக விலேன் ஆகிய மூன்றும் செலவில்லாதவை. கண்காணிப்பு சர்வரும் தாக்குதலின் இலக்குதான். 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் சம்பவத்தில், ஓரியன் என்னும் கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பிப்புக்குள்ளேயே தீநிரல் வைக்கப்பட்டது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை அதை இறக்கியிருந்தார்கள். எல்லாக் கருவிகளின் சாவியும் ஒரே இடத்தில் இருப்பதுதான் அதன் கவர்ச்சி. திரையின் முகவரியைக் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்துவைப்பது, வளாகத்தின் வரைபடத்தை எல்லோருக்கும் கொடுப்பதற்குச் சமம்.

நிறுவிய பின் ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை, பட்டியலைச் சரியாக வைத்திருப்பது. ஒவ்வொரு தடையின் பின்னும் முதலில் சொன்னது திரையா, பயனரின் போன் அழைப்பா என்று ஒரு பதிவேட்டில் எழுதிவரலாம்; போன் முந்திய ஒவ்வொரு தடவையும் எந்த எண்ணைக் கேட்டிருந்தால் திரை முந்தியிருக்கும் என்று பார்த்து அதைச் சேர்க்கலாம். புதுக் கட்டடத்தில் ஒப்பந்ததாரர் மாட்டிவிட்டுப் போன சுவிட்ச் திரையில் வரவில்லையென்றால் அதன் நலம் பற்றிய கேள்வியே எழாது. நிர்வகிக்கும் வசதியுள்ள சுவிட்ச்சுகள் எல்.எல்.டி.பி. என்னும் நெறிமுறை வழியே தம் அண்டைகளை அறியும். அந்த அண்டைப் பட்டியலை வாரம் ஒருமுறை திரையின் பட்டியலோடு ஒப்பிட்டால் விடுபட்டவை தானாக வெளிவரும். துறை அலுவலகத்தில் மேசைக்கடியில் யாரோ வாங்கி மாட்டிய எட்டு போர்ட் மலிவு சுவிட்ச் எல்.எல்.டி.பி. பேசாது, பிங்குக்கும் பதில் சொல்லாது. ஒரு கணினியும் ஒரு ஐபி போனும் மட்டும் இருக்க வேண்டிய போர்ட்டில் ஐந்தாறு வன்பொருள் (மேக்) முகவரிகள் தெரிவதுதான் அதன் ஒரே தடயம். இரண்டுக்கு மேல் மேக் முகவரி காணும் ஆக்சஸ் போர்ட்டுகளை மட்டும் பட்டியலிடும் ஒரு சிறு கட்டத்தை மேசைத் திரையில் வைத்து, மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலோடு அறை அறையாக நடந்து பார்க்க வேண்டும்.